பாய்லர் ஷாப் அப்பாவுக்கு ஒரு நினைவு மலர்

பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்கும் நினைவு மலர்களில் எல்லா அப்பாக்களும் ஒரே ஆளாகத்தான் இருக்கிறார்கள். கடின உழைப்பாளி, கண்டிப்பானவர், குடும்பமே உலகம் என்று வாழ்ந்தவர். அண்ணன் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரைவிலும் இதேதான். ஒரு வரிகூடப் பொய் கிடையாது. ஆனால் பெயரையும் தேதியையும் மாற்றிவிட்டால் எதிர்வீட்டுக்காரருக்கும் அச்சு அசலாகப் பொருந்தும். படித்துக் காட்டியபோது அம்மா, "இதுல உங்கப்பா எங்கடா இருக்காரு?" என்றார். அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்திவிட்டோம். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த இடைவெளியில் என்ன செய்தோம், எது கைகொடுத்தது, எது வெட்டி வேலை என்பதைத்தான் எழுதுகிறேன். வீட்டில் ஓய்வு பெற்ற பெரியவர் இருந்தால், அவர் நன்றாக இருக்கும்போதே இதில் பாதியைச் செய்துவிடலாம்.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக்காரர். 1962இல் கலாசியாக, அதாவது கடைநிலை எடுபிடி ஆளாகச் சேர்ந்து, நீராவி எஞ்சின்களின் கொதிகலனைப் பார்க்கிற பாய்லர் ஷாப்பிலேயே கைத்தொழில் கற்று மேலே வந்து, 2001 ஏப்ரல் கடைசி நாளில் ஓய்வு பெற்றார். உண்மையில் 1999லேயே அனுப்பியிருக்க வேண்டியது. மத்திய அரசு 1998இல் ஓய்வு வயதை 58இலிருந்து 60 ஆக்கியதில் இரண்டு வருடம் கூடக் கிடைத்தது. எங்கள் வீட்டில் அந்த ஆணையைத் தங்கையின் கல்யாணச் சீர் என்றுதான் சொல்வோம். அந்த இரண்டு வருடச் சம்பளத்தில்தான் கல்யாணம் நடந்தது.

பொன்மலையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் பிற்பகுதியில் இங்கே கொண்டுவந்தது. பணிமனையைச் சுற்றி குடியிருப்பு, ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று ஒரு ஊரே முளைத்தது. காலையில் சங்கு ஊதினால் ஊர் முழுக்க சைக்கிள் கிளம்பும். 1946 செப்டம்பர் 5ஆம் தேதி இங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது அதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஷாப்பில் இருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் தியாகிகள் நினைவுக் கூட்டத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒன்றும் பேச மாட்டார்.

பேசாத ஆளிடம் எப்படிக் கதை வாங்குவது என்பதுதான் முதல் பாடம். கடைசி சில வருடங்களில் நான் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். "உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்கப்பா" என்று கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "என்னத்தச் சொல்ல? போனேன், செஞ்சேன், வந்தேன்." ஒரு நாள் பரணைச் சுத்தம் செய்யும்போது, கைப்பிடி வழவழவென்று தேய்ந்துபோன சிறிய சுத்தியல் ஒன்று கிடைத்தது. அதைக் கையில் கொடுத்துவிட்டு, இது எதுக்கு என்று மட்டும்தான் கேட்டேன். பொழுது சாயும்வரை பேசினார்.

அது ஸ்டே போல்ட் பார்க்கிற சுத்தியல். நீராவி எஞ்சினில் நெருப்பு எரிகிற பெட்டியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். உள் தகட்டையும் வெளித் தகட்டையும் விலகிவிடாமல் பிடித்துக்கொள்ள நூற்றுக்கணக்கான போல்ட் இருக்கும். அதில் ஒன்று உள்ளுக்குள் ஒடிந்துபோனால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலால் தட்டினால் நல்ல போல்ட் 'டங்' என்று திருப்பிச் சொல்லும், ஒடிந்தது 'டொக்' என்று செத்துக் கிடக்கும். போல்டின் நடுவே சின்னத் துளை ஒன்று போட்டிருப்பார்கள், ஒடிந்தால் அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து காட்டிக் கொடுக்கும். "அந்தத் தொளை அடைச்சிக்கிட்டா? அதுக்குத்தான் காது" என்றார் அப்பா. அப்புறம் லெட் பிளக். நெருப்புப் பெட்டியின் கூரைமேல் தண்ணீர் குறைந்து தகடு பழுக்க ஆரம்பித்தால், முதலில் அதில் உள்ள ஈயம் உருகி, நீராவி கீழே பீறிட்டு டிரைவரை எச்சரித்துவிடும். இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை, என் பரிட்சை ரிசல்ட் வந்தபோது நான் கேட்டதில்லை.

அந்த ஒரு பதிவைக் கேட்டதும் எங்கள் வீட்டின் எத்தனையோ சங்கதி விளங்கியது. அப்பா எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். சந்தையில் மண்பானை, தேங்காய், தர்பூசணி. புது வீட்டுக்குக் குடிபோகுமுன் சுவரில் பூச்சு எங்கே பொய்யாக நிற்கிறது என்று விரல் முட்டியால் அறை அறையாகத் தட்டிக்கொண்டே போனார். மேஸ்திரிக்குப் பயங்கரக் கோபம். தட்டிய இடத்தில் இடித்துப் பார்த்தால் பூச்சு கையோடு வந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளையும் அப்படித்தான் தட்டிப் பார்த்தார் என்று தங்கை சொல்வாள், அது சும்மா கேலி.

அதே ஷாப்தான் அவர் காதையும் வாங்கிக்கொண்டது. ரிவெட் அடிக்கிற சத்தத்தில் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு முதலில் போவது கீச்சுக் குரல்கள்தான். அண்ணன் பேசினால் கேட்கும், அம்மா பேசினால் கேட்காது. "வேணும்னே கேக்காத மாதிரி இருக்காரு" என்று அம்மா வெகுகாலம் சண்டை போட்டிருக்கிறார். கேள்திறன் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு டாக்டர் விளக்கிய பிறகுதான் அந்த வழக்கு தள்ளுபடியானது. காது மந்தமான பெரியவரிடம் பேட்டி எடுக்கிறவர்கள் கத்தவே வேண்டாம். எதிரில், முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நிதானமாகப் பேசினால் போதும். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிடுங்கள். கேள்வியை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டுவது இன்னும் நல்லது. போனை மேஜைமேல் வைக்காமல் அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன், பதிவு தெளிவாக இருந்தது. கோப்புக்கு அன்றைக்கே தேதியும் பொருளும் போட்டுப் பெயர் வைத்து, இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். போன் மாற்றும்போது காணாமல் போவது இந்த மாதிரிக் கோப்புகள்தான்.

பதிவுகள் கொஞ்சம்தான் இருந்தன. மீதிக்கு அப்பாவின் கூட்டாளிகளைத் தேடிப் போனோம். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. வயதானவர்கள், துக்கம் கேட்க வந்தபோதே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள், புதிதாக என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். பழைய குரூப் போட்டோ ஒன்றைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனதுதான் வேலை செய்தது. ஷாப் வாசலில் மூன்று வரிசையாக நின்று எடுத்த படம். ஷாப்பில் மேற்பார்வையாளராக இருந்த சார்ஜ்மேன் மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்தார். பாதிப் பேரின் பெயர் அவருக்கு நினைவில்லை, டோக்கன் நம்பர் நினைவிருந்தது. பித்தளை டோக்கனை டைம் ஆபீசில் போட்டால்தான் அன்றைக்குச் சம்பளம். அதனால் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்களாம். அப்பாவின் நம்பர் எங்களுக்குத் தெரியும், அவர் சைக்கிள் மட்கார்டில் எழுதியிருந்தது. அது சைக்கிள் கடைக்காரர் போட்ட நம்பர் என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

1974 ரயில்வே வேலைநிறுத்தம் பற்றிப் பேச்சு வந்தது இந்தப் படத்தால்தான். நாடு முழுக்க மே 8இல் தொடங்கி 27 வரை நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள், வேலை இழந்தார்கள். நான் அப்போது கைக்குழந்தை. "ராத்திரியில போலீஸ் வரும் பாப்பா, ஆம்பளைங்களைப் புடிச்சிட்டுப் போய் வேலையில நிறுத்தப் பார்ப்பாங்க. நாங்கெல்லாம் வீட்டுல படுக்கிறதே இல்ல. உன்னை இடுப்புல வச்சிக்கிட்டு உங்கம்மா வாசல்ல நின்னு, அவரு ஊர்ல இல்லன்னு சொன்னதை நானே கேட்டேன்" என்றார் மாமா. எங்கே இருந்து கேட்டீர்கள் என்றேன். "உங்க வீட்டுக் கொல்லையிலதான். உங்கப்பனும் கூடத்தான் இருந்தான்."

அப்பாவுக்கு வேலை தப்பியது. படத்தில் பின்வரிசையில் நிற்கும் ஒருவருக்குப் போய்விட்டது. 1977இல் ஜனதா ஆட்சி வந்த பிறகு நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் இல்லையா, அதுவரைக்கும் அந்த வீட்டுக்கு அரிசி எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கிறது. இதைச் சொன்னவர் அந்த மனிதரின் மகன். நான் பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "அளந்து கொடுத்ததே நான்தானே. எனக்குத் தெரியாம அவரு என்னத்தச் செஞ்சாரு?" என்றார். 'குடும்பமே உலகம்' என்ற வரியை அண்ணன் அன்றைக்கே அடித்துவிட்டான். அவர் உலகம் அதைவிடக் கொஞ்சம் பெரியது. குடும்பத்துக்காகச் செய்தார் என்று நாங்கள் நினைத்ததில் பாதி ஷாப்புக்காகச் செய்தது, ஷாப்புக்காக என்று நினைத்ததில் பாதி எங்களுக்காகச் செய்தது. ஓவர்டைம் அதில் ஒன்று. பணத்துக்காக என்றுதான் சொல்வார். மலை ரயில் எஞ்சின் ஷாப்புக்குள் இருக்கிற நாட்களில் அவராகவே கேட்டு ஓவர்டைம் வாங்கினாராம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிற அந்தப் பல்சக்கர எஞ்சின்களைப் பழுது பார்ப்பது பொன்மலையில்தான். மற்ற இடங்களில் நீராவி ஓய்ந்த பிறகும் எங்கள் அப்பாவின் கைத்தொழில் செத்துப் போகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். 2005இல் அந்த ரயிலுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அந்தஸ்து கிடைத்தபோது பேப்பரை வெட்டி பர்சில் வைத்துக்கொண்டார். பொன்மலையில் புதிதாகவே அந்த மாதிரி எஞ்சின் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வேலையில் இருந்த ஒரு பையனைப் பிடித்து, பாய்லரில் எங்கெங்கே என்ன பார்க்க வேண்டும் என்று டீக்கடை பெஞ்சில் வைத்துப் பாடம் எடுத்திருக்கிறார். அந்தப் பையனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. அவர் சொல்லித்தான் இதுவும் தெரிந்தது.

வருடங்கள் விஷயத்தில் யார் ஞாபகத்தையும் நம்பாதீர்கள். ஒரே சம்பவத்தை ஒருவர் 72 என்பார், இன்னொருவர் 79 என்பார், இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள். வருடம் கேட்பதை விட்டுவிட்டு, ஸ்ட்ரைக்குக்கு முன்னாலா பின்னாலா, 1977 நவம்பரில் திருச்சியில் வெள்ளம் வந்ததே, அதற்கு முன்னாலா, உங்கள் மூத்த பையன் பிறந்தாச்சா என்று கேட்டால் சரியாக இறங்குகிறது. பிறகு பழைய சம்பளச் சீட்டு, பென்ஷன் ஆணை, ரயில்வே பயண பாஸ் என்று கையில் உள்ள காகிதத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். போட்டோக்களின் பின்னால் பெயர் எழுதுவதற்கு மென்மையான முனையுள்ள பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை அழுந்திவிடும். பசை தடவிய பக்கங்கள் உள்ள பழைய ஆல்பங்களில் படங்கள் ஒட்டிக்கொண்டு போகின்றன, முதலில் அவற்றை அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு அப்புறம் பிரிக்கப் பாருங்கள்.

இனி காகிதம். அப்பா குடும்பத்தின்மேல் வைத்த பாசத்தை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் எழுதி வைத்திருந்தார். இரும்புப் பெட்டியில் ஒரு கோப்பு. அதன் முதல் தாள், பணிமனையில் ஒவ்வொரு வேலைக்கும் போடுகிற ஜாப் கார்டு மாதிரியே கோடு போட்டது. வரிசை எண், வேலை, செய்ய வேண்டியவர், தேவைப்படும் கருவி, முடிந்த தேதி. வேலையின் பெயர் என்ற இடத்தில் 'எனக்குப் பிறகு' என்று எழுதியிருந்தது. முதல் வேலை, இறப்பைப் பதிவு செய்வது. 21 நாளுக்குள், சான்றிதழ் நகல் நிறைய வாங்கவும், செய்ய வேண்டியவர் பெரியவன். இரண்டாவது, பேங்குக்குச் சொல்வது. கருவி என்ற கட்டத்தில், 'பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை), ஆதார், பாஸ்புக், பொறுமை.' படித்ததும் எல்லாரும் சிரித்துவிட்டோம், காரியம் நடந்த வீடு என்றுகூடப் பார்க்காமல்.

பென்ஷன்காரர் இறந்த பிறகும் கணக்கில் பென்ஷன் விழுந்துவிடலாம். ஏடிஎம்மில் எடுத்துவிடாதீர்கள், பேங்க் அதைத் திரும்பக் கேட்கும். பென்ஷன் கணக்கு கணவன் மனைவி இருவர் பேரிலும் கூட்டுக் கணக்காக இருந்துவிட்டால் குடும்ப ஓய்வூதியம் வாங்குவது பெரிதும் சுலபம். அப்பா அப்படி மாற்றி வைத்திருந்தார். அவருடைய கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதன்மேல் பஞ்சப்படியும் அம்மாவுக்கு வரும் என்று கணக்குப் போட்டே வைத்திருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். மருத்துவ அட்டையும் பாஸும் அம்மா பேருக்கு மாற வேண்டும், அதுவும் அட்டவணையில் இருந்தது.

இதில் நான் மிகவும் வியந்தது, அம்மாவின் பிறந்த தேதி. பென்ஷனோ குடும்ப ஓய்வூதியமோ வாங்குகிறவருக்கு 80 முடிந்ததும் 20 சதவீதம் கூடும். அதற்குப் பி.பி.ஓ.வில் அவருடைய பிறந்த தேதி இருக்க வேண்டும். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. அதனால் பி.பி.ஓ.வில் அந்த இடம் காலியாகவோ, ஆதாரில் ஒன்று, பேங்கில் ஒன்று என்றோ கிடக்கும். அப்பா பலமுறை ஆபீசுக்கு நடந்து, அம்மாவின் பெயர் எழுத்து முதற்கொண்டு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆக்கி வைத்திருந்தார். உங்கள் வீட்டுப் பி.பி.ஓ.வை இன்றைக்கே எடுத்து அந்த ஒரு இடத்தைப் பாருங்கள். அவர் இருக்கும்போது சில நடையில் முடிகிற வேலை, பிறகு ஓராண்டு அலைச்சல் ஆகிவிடும்.

மலரில் சேர்க்காமல் விட்டவையும் உண்டு. ஷாப்பில் நடந்த ஒரு விபத்தில் சக தொழிலாளி ஒருவரின் கை போனது. அப்பா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதை மூன்று பேர் சொன்னார்கள். நல்ல கதைதான். ஆனால் அந்தக் குடும்பம் வேண்டாம் என்றது, விட்டுவிட்டோம். அப்பாவின் முன்கோபத்தை எழுதலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம். "எழுதுங்க, எழுதலேன்னா படிக்கிறவங்க வேற யாரோன்னு நெனச்சிக்குவாங்க" என்றார் அம்மா. சாப்பாட்டுத் தட்டு பறந்த கதை மட்டும் அவர் கேட்டுக்கொண்டபடி நீக்கப்பட்டது. எதைப் போடுவது, எதை விடுவது என்பதில் கடைசி வார்த்தை அம்மாவுடையது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்களுக்குள் மனஸ்தாபம் வந்திருக்கும்.

செலவு பற்றிக் கேட்பார்கள். வழவழப்புத் தாளும் கலர் அட்டையும் வேண்டியதில்லை. சாதாரணத் தாளில், ஆனால் எழுத்து பெரிதாக இருக்கட்டும். படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கண் ஆபரேஷன் ஆனவர்கள். ஒவ்வொரு பிரதியின் கடைசியிலும் இரண்டு வெற்றுப் பக்கம் விட்டோம். திருத்தமோ சேர்க்க வேண்டியதோ இருந்தால் எழுதித் தரச் சொல்லி, முகவரி எழுதிய உறையும் வைத்தோம்.

சும்மா ஒரு மரியாதைக்கு வைத்த உறைதான், ஆனால் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவர் தன் பெயரில் இனிஷியல் தப்பு என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அந்தக் குரூப் படம் எடுத்த அன்றைக்கு அப்பாவின் கட்டைவிரலில் ஏன் கட்டுப் போட்டிருக்கிறது என்ற கதையை இரண்டு பக்கமும் நிறைத்து அனுப்பினார். சார்ஜ்மேன் மாமா சிவப்பு மையில் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி வட்டம் போட்டிருந்தார். ஸ்டே போல்ட் பகுதியில், தட்டுகிறபோது சத்தத்தைக் காதால் மட்டும் பார்ப்பதில்லை, கைப்பிடியில் விரலுக்கும் தெரியும், காது மந்தமான பிறகு உங்கப்பன் விரலை வைத்துத்தான் கண்டுபிடித்தான், இது விட்டுப்போயிருக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தார். திருத்தச் சீட்டு அச்சடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டோம். அதிலும் ஒரு பிழை இருப்பதாக நேற்று போன் செய்தார்.